மஞ்சள் பூசிய பன்றிகள்

தை மாதத்துப் பனி பாகூர் ஏரியிலிருந்து எழுந்து வரும்போது முதலில் மறைவது எங்கள் பன்றிக் கொட்டகைதான். கரும்புக் கொல்லைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் தகரக் கூரை போட்டு நீளமாகக் கிடக்கும். பனி ஏற ஏறக் கூரை போகும், சுவர் போகும், கடைசியில் உறுமல் மட்டும் மிஞ்சும். நான் வாளியோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிடும். "இவ பாதித் தூக்கத்துலயே குடும்பம் நடத்துறா" என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் பாதித் தூக்கத்தில் பார்த்ததில் கால்வாசியைக்கூட அவர் முழு விழிப்பில் பார்த்ததில்லை.

எங்களுடையது நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். கரும்பு கையைக் கடிக்க ஆரம்பித்த பிறகு வீட்டுக்காரர் எங்கோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து வெண்பன்றி வளர்க்கப் போகிறேன் என்றார். மாமனார் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார். ஆனால் அதன் பிறகு கொட்டகைப் பக்கம் அவர் திரும்பியதே இல்லை. கொல்லைக்குப் போக நேர்வழி கொட்டகையை ஒட்டித்தான் போகிறது. அவர் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போவார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தாலும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். வீட்டில் அந்த வார்த்தை அவர் வாயில் வராது. "அதுங்களுக்குத் தண்ணி வச்சாச்சா?" என்பார், அவ்வளவுதான். ஊரில் யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "கரும்புதான், இன்னா பண்றது" என்று பதில் சொல்வார். அதுங்கள் போட்ட சோற்றைத்தான் அவர் சாப்பிடுகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பன்றிகளுக்காகக் கோபப்படுகிற ஒரே மருமகள் இந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் நானாகத்தான் இருப்பேன்.

புதுச்சேரி ஓட்டல்களில் மிஞ்சுகிற சோற்றையும் காய்கறிக் கழிவையும் விடியற்காலையில் வண்டியில் அள்ளிவந்து, வேகவைத்துப் போடுவதுதான் தீனி. ஆரம்ப வருடங்களில் அதில் ஒரு தூள் கலப்போம். தீவனக் கடைக்காரர் கொடுப்பது. இளமஞ்சள் நிறம், பால்பவுடரும் ஏலக்காயும் கலந்ததுபோல ஒரு வாசனை. குட்டி சாகாது, சளி பிடிக்காது, சீக்கிரம் எடை ஏறும் என்பார். உப்பு போடுவதுபோலத் தினமும் ஒரு கை அள்ளிப் போடுவோம். காலை வெயில் சாய்ந்து விழும்போது அந்தத் தூள் காற்றில் பொன்னாக மிதக்கும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். இப்போதும் சில நாள் கனவில் வருகிறது.

அது மருந்து என்பதை எங்களுக்குச் சொன்னவர், அரசாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா. ஸ்கூட்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் நேராக வந்தார். தூளை மோந்து பார்த்தார். பையில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"இதுல கிருமிக்கொல்லி மருந்து இருக்கும்மா. மனுசனுக்கு வேற எதுவும் கேக்காதப்ப, கடைசியா எடுத்துக் கொடுக்கிற மருந்து. இத ஆடு மாடு கோழி பன்னிக்குப் போடக்கூடாதுன்னு அரசாங்கமே தடை பண்ணிட்டாங்க."

"நோவு வராம இருக்கத்தானே போடறோம் டாக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

"நோவே இல்லாம தினம் கொஞ்சம் கொஞ்சம் போட்டா, கிருமிக்கு மருந்து பழகிப்போயிடும். அப்புறம் அந்தக் கிருமி சாணியில போவும், தண்ணியில போவும். யாருக்காவது ஒட்டிகிச்சுன்னா அவங்களுக்கும் அந்த மருந்து கேக்காது. கிருமிக்குப் பாகூர் கொம்யூன், வில்லியனூர் கொம்யூன்னு எல்லை கெடையாது."

அன்றிலிருந்து தூள் நின்றது. நோய் வந்த பன்றிக்கு மட்டும், டாக்டரம்மா பார்த்து ஊசி போட வேண்டும். ஊசி போட்டதைத் தனிப் பட்டியில் விட வேண்டும், முதுகில் ஊதா மையால் பட்டையாக அடையாளம் வைக்க வேண்டும். மருந்து உடம்பை விட்டு இறங்க அவர் சொல்கிற நாள் வரைக்கும் அதைக் கறிக்குக் கொடுக்கக்கூடாது. வீட்டுக்காரர் முதலில் முனகினார். முதல் மழைக்காலத்தில் குட்டிகள் கொஞ்சம் செத்தன. பிறகு தரையைக் காயவைப்பது, குட்டியைத் தாயிடமிருந்து அவசரப்பட்டுப் பிரிக்காமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. தூள் செய்த வேலையில் பாதியைச் சுண்ணாம்பும் துடைப்பமும் செய்தன. மீதிப் பாதிக்கு நான் தூக்கம் கெட்டேன்.

ஆனால் தூள் இல்லாத பன்றி வேண்டும் என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. வாங்குகிறவர்களுக்கு எடை வேண்டும், கொழுப்பு குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்காகவேதான் இதைச் செய்கிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அப்படிக் கேட்டுக்கொண்டு முதன்முதலில் ஒருவர் வந்தது மார்கழியில். அரியாங்குப்பம் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். ரொட்டிக் கடை வைத்து நடத்தி ஓய்ந்த மனிதர். டாக்டரம்மாதான் எங்கள் கொட்டகையைச் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பன்றிக் கொட்டகைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பொண்ணுக்குக் கல்யாணம்மா. பொங்கல் முடிஞ்ச வாரத்துல. மருந்து படாத பன்னி ஒண்ணு வேணும்."

மகளுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்திருக்கிறது. சின்ன ஆபரேஷன்தான். ஆனால் புண் ஆறவில்லை. காய்ச்சல் விடவில்லை. ஒரு மருந்து மாற்றி ஒரு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், எதுவும் கேட்கவில்லை. நிச்சயம் பண்ணிய கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. கடைசியில் ஏதோ ஒரு மருந்துக்குக் காய்ச்சல் இறங்கியது. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காமல் கிடந்த நாட்களில் அந்தப் பெண், "என் கல்யாணத்துக்குப் பன்னிக்கறி போடுவியாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் போடுகிறேன் என்று கையில் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

"ஒரு வேள சாப்புடற கறியில அவளுக்கு ஒண்ணும் ஆயிடாதுன்னு டாக்டரு சொன்னாங்க. எனக்கும் தெரியும். ஆனா மருந்துன்னாலே எனக்கு இப்ப பயம். அவ எலையில நான் கையால போடறது சுத்தமா இருக்கணும்" என்றார்.

நான் வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்காரர் இல்லாத நேரம். கல்யாணத்துக்கு முதல் நாள், மருந்து படாத பட்டியில் நன்றாக இருக்கிற ஒன்றை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். அவர் போன பிறகு நெடுநேரம் பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒருவர் வந்து கேட்டுவிட்டாரே என்கிற சந்தோஷம்.

மார்கழிக் கடைசியில் பனி பலத்தது. சில பன்றிகளுக்கு இருமல் கண்டது. டாக்டரம்மா வந்து அவற்றுக்கு மட்டும் ஊசி போட்டார். நாங்கள் அவற்றைத் தனிப் பட்டியில் விட்டு, முதுகில் ஊதாப் பட்டை இழுத்தோம். மருந்து இறங்கக் கல்யாணம் கழிந்தும் நாள் பிடிக்கும் என்றார். எங்களுக்கு அதில் கவலை ஒன்றும் இல்லை. மருந்து படாதவைதான் அதிகம். எல்லாவற்றுக்கும் காதில் எண் போட்ட தகடு மாட்டிவிடச் சொன்னார். பொங்கல் கழியட்டும் என்று விட்டோம்.

மாட்டுப் பொங்கல் அன்றைக்கும் ஓட்டலில் சோறு மிஞ்சத்தான் செய்யும். நானும் வீட்டுக்காரரும் இருட்டோடு வண்டியில் கிளம்பிப் புதுச்சேரி போனோம். மாமனார் கட்டிலில் துண்டை முகத்தின் மேல் போட்டுப் படுத்திருந்தார். கடைசி ஜோடி மாட்டை விற்றதிலிருந்து ஒவ்வொரு மாட்டுப் பொங்கலும் அவருக்கு அப்படித்தான் போகும். தெருவெல்லாம் மணிச் சத்தமும் கொம்புக்குப் பூசுகிற பெயிண்ட் வாசனையுமாக இருக்கும்போது, அவர் துண்டுக்குள் இருப்பார். எங்கள் மாட்டுக் கொட்டகையில் அப்போது சைக்கிளும் பழைய மூட்டைகளும் மட்டும்தான்.

நாங்கள் திரும்பி வரும்போது பனி விலக ஆரம்பித்திருந்தது. வண்டி கொல்லைப் பாதையில் திரும்பியபோது கொட்டகைக்கு முன்னால் ஏதோ மஞ்சளாக நகர்ந்தது. நான் தூங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பன்றி வந்தது. நெற்றியில் குங்குமம். அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே, உடம்பெல்லாம் மஞ்சளும் நெற்றியில் குங்குமமுமாக, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்களைப்போல அவசரமில்லாமல் வந்தன. ஒன்றின் கழுத்தில் சாமந்திச் சரம் இருந்தது. இன்னொன்று தன் சரத்தைத் தின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், பம்புசெட்டுத் தொட்டியோரம், வேட்டியை மடித்துக்கட்டி, முழங்கை வரைக்கும் மஞ்சளாக மாமனார் நின்றார்.

எங்களைப் பார்த்ததும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவ ஆரம்பித்தார்.

"சும்மா படுத்துனு இருந்தேன். இந்த வூட்டுல இப்போ சோறு போடறது அதுங்கதானேன்னு தோணிச்சி" என்றார். "ஒவ்வொண்ணையும் தேச்சிக் குளிப்பாட்டினேன். தண்ணின்னா உசிர விடுதுங்க. சிலதுக்கு முதுகுல இன்னா கறையோ, போவவே இல்ல. தேங்காநாரு போட்டுத் தேச்சித்தான் எடுத்தேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பட்டிகளைப் பார்த்தேன். இரண்டின் கதவும் திறந்து கிடந்தது. ஊதாப் பட்டை ஒரு முதுகிலும் இல்லை. மருந்து போட்டதும் போடாததும் ஒரே மஞ்சளில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு திரிந்தன. இருமல் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. எங்கள் வெண்பன்றிகள் ஒரே அச்சில் வார்த்தவை. எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எத்தனை வருடமாக நான் ஆசைப்பட்டது இது. அவர் ஒரு நாள் இந்தப் பக்கம் வர வேண்டும், வந்து ஒன்றின் முதுகையாவது தொட வேண்டும் என்று. வந்துவிட்டார், தொட்டுவிட்டார், எல்லாவற்றையும். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"நல்லா இருக்கு மாமா" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். முதலில் சிரித்தார், பிறகு நிறுத்தினார். பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லை, பரிசோதனைக்கு அனுப்பினால் பதில் வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும் என்றார். "எல்லாமே மருந்து போட்டதுன்னு வச்சிக்கோங்க. வேற வழி இல்ல." வேறு பண்ணையில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். எனக்குத் தெரிந்த பண்ணைகளில் இன்னும் அந்த இளமஞ்சள் தூள் மிதந்துகொண்டுதான் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நெருங்க நெருங்க வீட்டுக்காரர் குழைய ஆரம்பித்தார். தீனி கிண்டிக்கொண்டே சொன்னார்.

"மருந்து போட்டது கொஞ்சம்தானே. ஏதாவது ஒண்ண ஏத்திடலாம். மருந்து போடாததா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மருந்து போட்டதாவே இருந்தாலும் ஒரு பந்தியில இன்னா ஆயிடப் போவுது? டாக்டரே சொல்லி இருக்காங்கல்ல?"

"பொண்ணோட அப்பாவுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே" என்றேன்.

"அப்ப போயி இன்னான்னு சொல்லுவ? எங்கப்பா குளிப்பாட்டிட்டாருன்னா? அது அப்பா காதுக்கு வந்தா, இனிமே செத்தாலும் இந்தப் பக்கம் வருவாரா?"

எனக்கும் அதுதான் பயம். மாட்டுப் பொங்கலிலிருந்து மாமனார் வாய்க்கால் கரையைச் சுற்றுவதை விட்டிருந்தார். கொட்டகையை ஒட்டியே நடந்தார், துண்டு தோளில் இருந்தது. அதை நான் யாருக்காகவும் இழக்கத் தயாராக இல்லை. அந்தப் பெண்ணின் அப்பாவையும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் கழற்றி வைத்த செருப்பு கண்ணுக்குள்ளேயே கிடந்தது.

திரும்பிப் பார்த்தால் மாமனார் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அந்தக் கற, மருந்து போட்டதுக்கு வச்ச அடையாளமா?"

வீட்டுக்காரர் துடுப்பை அண்டாவுக்குள் விட்டுவிட்டார்.

"வாய தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்றார் மாமனார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "ஸ்கூட்டிய எடும்மா. எந்த வூடு?"

கல்யாண வீட்டில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் வினிகர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாம் எங்கள் பன்றிக்காகக் காத்திருந்தவை. ரொட்டிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். எங்களுக்குப் பின்னால் பன்றி ஏற்றிய வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் பேசினார்.

"நான்தாங்க பண்ணேன். எம் மருமவ மேல தப்பு இல்ல. மருந்து போட்டதுக்கு மை வச்சித் தனியா கட்டி வச்சிருந்தாங்க. எனக்குத் தெரியல. மாட்டுப் பொங்கலு. எங்க பன்னிங்களுக்கு மஞ்ச பூசணும்னு தோணிச்சி. எல்லாத்தையும் தொறந்து வுட்டு, தேச்சிக் குளிப்பாட்டிட்டேன். இப்போ எது எதுன்னு தெரியல. சுத்தமானதுன்னு சொல்லிக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க."

எங்க பன்னிங்க என்றார். பந்தலில் அத்தனை பேர் முன்னால். எனக்கு அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. கீற்று இடுக்கு வழியே விழுந்த வெயில் பூண்டுத் தோலின் மேல் ஆடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தபடி நின்றேன்.

ரொட்டிக் கடைக்காரரின் முகம் விழுந்துவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாம ஏதோ ஒண்ண அனுப்பி இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது" என்றார் மாமனார். "அதான் வந்தோம்."

உள்ளறை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றிருந்தாள். ஒல்லியாக, கன்ன எலும்பு தெரிய, தலையில் மல்லிகையோடு. அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். மாமனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பன்னிக்கு மஞ்சள் பூசினீங்களா தாத்தா?"

"ஆமாம்மா."

"எனக்கே இன்னிக்குச் சாயந்தரம்தான் நலங்கு. எனக்கு முன்னாடி அதுங்களுக்கு ஆயிடுச்சா?"

பூண்டு உரித்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து, சிரிக்கும்போது வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள். தையல் இன்னும் இழுக்கிறது போல. அவள் அப்பா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனு போட்டுடலாம்ப்பா. வீராம்பட்டினத்துல இப்பவே சொன்னா காலையில வந்துடும்" என்றாள். "மறுவீட்டுக்கு வரும்போது நான் பன்னிக்கறி சாப்பிட்டுக்கிறேன். அதுக்குள்ள மருந்து எறங்கிடாதா?"

கடைசிக் கேள்வி என்னிடம். இறங்கிவிடும் என்றேன். ரொட்டிக் கடைக்காரர் எங்களுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று மாமனாரின் கையைப் பிடித்துச் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அவருக்கு ஏமாற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் மகளுக்குக் கொடுத்த வாக்கு எங்கள் வீட்டால் தள்ளிப் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது, அவள் மறுவீட்டு விருந்தில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகும்.

திரும்பும்போது மாலையாகிவிட்டது. நான் ஸ்கூட்டியை ஓட்ட, மாமனார் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அறுவடைக்கு நின்ற நெல். கொக்குகள் ஏரிப் பக்கமாகக் கூட்டம் கூட்டமாகப் போயின. வண்டி ஓடுகிறதா, வயல்தான் எங்களைத் தாண்டிப் போகிறதா என்று எனக்கு மயங்கியது. பாகூர் திருப்பத்து டீக்கடையில் நிறுத்தச் சொன்னார்.

அங்கே அவருடைய பங்காளி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு இடம் விட்டு நகர்ந்தார்.

"இன்னாண்ணே, எங்க போயிட்டு வர்ற? கரும்பு விசயமா?"

மாமனார் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சங்கடப்படுவதை நான் பார்க்க வேண்டாம் என்று.

"இல்லப்பா, பன்னி விசயமா" என்றார். "எங்க வூட்டுல பன்னி வளக்கறோம்."

பங்காளி காலி டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"தெரியும்ண்ணே. ஊருக்கே தெரியும். நீ சொல்லட்டும்னுதான் இருந்தோம்."

மாமனார் அவருக்கும் சேர்த்து இன்னொரு டீ சொன்னார்.